நூலுக்கு மட்டுமா செட்டிங்? த்ரெட்டுக்கும் உண்டு!



திருப்பூரில் எந்த நிட்டிங் ஃபிட்டரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஒரே மில், ஒரே லாட், ஒரே 30 கவுண்ட் கோன். அதையே 24 கேஜ் மெஷினில் ஏற்றினால் ஒரு துணி. 28 கேஜில் ஏற்றினால் வேறு துணி. டென்ஷன் பார்த்து, லூப் லென்த் அளந்து, துணியை வட்டமாக வெட்டி ஜிஎஸ்எம் எடை போட்ட பிறகுதான் அவர் மெஷினை முழு வேகத்தில் விடுவார். "போன மெஷின்ல நல்லாத்தான் ஓடுச்சு, அதனால இதுலயும் ஓடும்" என்று ஒரு ஃபிட்டரும் சொல்லமாட்டார்.

ஆனால் கம்ப்யூட்டர் படித்த நாம் அதைத்தான் தினமும் சொல்கிறோம். "என் கம்ப்யூட்டர்ல ஓடுதே சார்!" விண்டோஸில் எழுதின புரோகிராம் லினக்ஸில் படுத்துவிடும், லினக்ஸில் ஓடினது விண்டோஸில் மறைந்துவிடும். காரணம் பல இருக்கலாம். அதில் அதிகம் கவனிக்கப்படாத ஒன்று, த்ரெட் செட்டிங். இதைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எளிமையாகச் சொல்ல முயற்சிக்கிறேன்.

த்ரெட் என்றால் என்ன?

30 இன்ச் டயா, 24 கேஜ் நிட்டிங் மெஷினை எடுத்துக்கொள்வோம். சிலிண்டரின் சுற்றளவு 30 x 3.1416. அதை 24 ஆல் பெருக்கினால் சுமார் 2,260 ஊசிகள். சுற்றிலும் 90 ஃபீடர்கள் இருந்தால் 90 நூல்கள் ஒரே சமயத்தில் உள்ளே போகின்றன. ஒவ்வொரு நூலும் தன் வரிசையைத் தானே பின்னுகிறது. கீழே வருவதோ ஒரே துணி.

கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புரோகிராமை 'பிராசஸ்' என்கிறோம். அது மெஷின் மாதிரி. அதற்குள் ஒரே சமயத்தில் நடக்கும் தனித்தனி வேலை ஓட்டம்தான் 'த்ரெட்'. தமிழில் 'இழை' என்கிறார்கள். எல்லா நூலும் ஒரே சிலிண்டரில் பின்னுவதுபோல, ஒரு பிராசஸில் உள்ள எல்லா த்ரெட்டும் ஒரே மெமரியைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. 90 நூலில் ஒன்று அறுந்தாலும் ஸ்டாப் மோஷன் லைட் எரிந்து மெஷின் மொத்தமும் நிற்கிறது அல்லவா? இங்கேயும் அப்படித்தான். ஒரு த்ரெட் மெமரியில் தவறான இடத்தைத் தொட்டால் மொத்த பிராசஸும் போய்ச் சேரும். பக்கத்து மெஷின், அதாவது வேறு பிராசஸ், அதுபாட்டுக்கு ஓடும்.

உவமை இதோடு போதும். மெஷினில் எல்லா நூலும் ஒரே வேலையைச் செய்கிறது. த்ரெட்டுகள் ஒன்று கேமராவைப் படிக்கும், ஒன்று கணக்குப் போடும், ஒன்று திரையில் எழுதும்.

ஒரே மடிக்கணினி, இரண்டு உலகம்

1993-இல் வந்த விண்டோஸ் என்டி த்ரெட்டுகளுக்குத் தனக்கென ஒரு முறை வைத்திருந்தது. யூனிக்ஸ் குடும்பத்துக்கு 1995-இல் 'போசிக்ஸ் த்ரெட்' என்ற பொது விதி வந்தது. லினக்ஸில் முதலில் 1996 முதல் 'லினக்ஸ் த்ரெட்ஸ்' என்ற தொகுப்பு இருந்தது. 2003-இல் அதற்குப் பதிலாக 'என்பிடிஎல்' வந்த பிறகுதான் அங்கே த்ரெட்டுகள் போசிக்ஸ் விதிப்படி ஒழுங்காக நடக்க ஆரம்பித்தன. ஆக விண்டோஸ் ஒரு வழியில் வளர்ந்தது, லினக்ஸ் வேறு வழியில் வளர்ந்தது. ஒருவருக்கொருவர் கலந்து பேசிக்கொண்டு யாரும் அளவுகளை வைக்கவில்லை.

இதைக் கண்ணால் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். தமிழக அரசு 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டம் ஞாபகம் இருக்கும். அப்போது வந்த மடிக்கணினிகளில் விண்டோஸ் 7-உம், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. நம் அண்ணன்மார், அக்காமார் வீட்டுப் பரணில் ஒன்றாவது இன்னும் கிடக்கும். அதே பிராசஸர், அதே ராம். விண்டோஸில் ஏற்றினால் ஒரு த்ரெட்டுக்குக் கிடைக்கும் ஸ்டாக் 1 எம்பி. லினக்ஸில் ஏற்றினால் வழக்கமாக 8 எம்பி. எட்டு மடங்கு வித்தியாசம்! நாம் ஒரு வரிகூட மாற்றவில்லை.

ஸ்டாக்: பக்கத்து மேஜையின் அளவு

தையல் லைனில் ஒவ்வொரு டெய்லர் பக்கத்திலும் ஒரு சின்ன மேஜை இருக்கும். பாதி முடிந்த பீஸை அதன்மேல் வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். கடைசியாக வைத்ததுதான் முதலில் கையில் வரும். த்ரெட்டின் ஸ்டாக்கும் இதேதான். ஒரு ஃபங்ஷன் இன்னொரு ஃபங்ஷனைக் கூப்பிடும்போது, பாதியில் நிற்கும் கணக்கை ஸ்டாக்கில் வைத்துவிட்டுப் போகிறது. ஒரு ஃபங்ஷன் தன்னையே திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டால், அதாவது ரிகர்ஷன் என்றால், அடுக்கு உயர்ந்துகொண்டே போகும். மேஜை தாங்கும்வரை சரி. தாங்காவிட்டால் 'ஸ்டாக் ஓவர்ஃப்ளோ', புரோகிராம் காலி.

மேஜையின் அளவை யார் முடிவு செய்கிறார்கள்? நாம் சொல்லாவிட்டால் சிஸ்டமே முடிவு செய்யும். விண்டோஸில் 1 எம்பி. புரோகிராமை லிங்க் செய்யும்போதே இது ஃபைலில் எழுதப்பட்டுவிடுகிறது. சாதாரண லினக்ஸில் 'யூலிமிட்' என்ற அளவிலிருந்து வருகிறது, பெரும்பாலும் 8 எம்பி. மேக் கணினியில் முதல் த்ரெட்டுக்கு 8 எம்பி, பிறகு உருவாக்கும் த்ரெட்டுக்கு 512 கேபிதான். 'மசில்' என்ற சிறிய சி லைப்ரரியைப் பயன்படுத்தும் அல்பைன் போன்ற லினக்ஸ்களில் வெறும் 128 கேபி. லினக்ஸ் என்று பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே 8 எம்பி எங்கே, 128 கேபி எங்கே!

பெரிய ஓட்டையைப் பார்த்ததும் செத்த புரோகிராம்

இதனால் என்ன ஆகும் என்பதற்கு, நான் கூட இருந்து பார்த்த ஒரு சம்பவம். ஒரு ஜாப்ஒர்க் நிட்டிங் கம்பெனிக்கு நெட்வொர்க் வேலையாகப் போயிருந்தேன். அங்கே துணி செக்கிங் மெஷினில் கேமரா வைத்து, ரோல் ஓடும்போதே ஓட்டைகளைக் கண்டுபிடித்துப் பட்டியல் போடும் ஒரு புரோகிராம் இருந்தது. எழுதியவர்கள் வெளியூர் சாஃப்ட்வேர்காரர்கள். அவர்கள் மேஜையில் லினக்ஸ், கம்பெனியில் விண்டோஸ்.

சில ரோல்கள் ரிப்போர்ட்டில் சுத்தமாக இருந்தன. எக்ஸ்போர்ட் கம்பெனியின் கட்டிங் டேபிளில் விரித்தபோதுதான் உள்ளங்கை அகல ஓட்டைகள் தெரிந்தன. டெபிட் நோட் வந்தது. ஜாப்ஒர்க்காரருக்குக் கிடைப்பது கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி மட்டும். நூலும் துணியும் அவருடையது அல்ல. ஒரு ரோலின் விலையைப் பிடித்தால் பல ரோலின் கூலி போய்விடும். திட்டு யாருக்கு விழுந்தது? செக்கிங்கில் நின்ற அக்காவுக்கு. "பார்க்காம விட்டுட்டு எங்க வேடிக்கை பார்த்துட்டு இருந்தீங்க?" என்று சூப்பர்வைசர் சத்தம் போட்டார்.

அந்த அக்கா என்னிடம் சொன்னது இது: "சின்ன ஓட்டையெல்லாம் கரெக்டா எழுதுதுங்க சார். பெருசா ஒண்ணு வந்தாத்தான் ஸ்கிரீனே காணாமப் போயிருதுங்க. மறுபடி ஆன் பண்றதுக்குள்ள துணி ஓடிருதுங்க. சொன்னா நம்பமாட்டேங்கறாங்க."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். படத்தில் ஓட்டை எவ்வளவு பெரியது என்று அறிய, ஒரு கறுப்புப் புள்ளியில் ஆரம்பித்து, பக்கத்துப் புள்ளியும் கறுப்பா, அதற்குப் பக்கத்துப் புள்ளியும் கறுப்பா என்று ஃபங்ஷன் தன்னையே கூப்பிட்டுக்கொண்டே போகும். இதற்கு 'ஃப்ளட் ஃபில்' என்று பெயர். ஓட்டைக்குள் எத்தனை புள்ளியோ கிட்டத்தட்ட அத்தனை அடுக்குவரை ஸ்டாக் உயரலாம். ஒரு அடுக்குக்கு 100 பைட் என்று வைத்துக்கொள்வோம். கம்பைலரைப் பொறுத்து இது கூடலாம், குறையலாம்.

1 எம்பி என்பது 10,48,576 பைட். சுமார் 10,000 அடுக்கு. அதாவது 100 x 100 புள்ளி அளவுள்ள ஓட்டைவரை தாங்கும். 8 எம்பி சுமார் 83,000 அடுக்கு தாங்கும். 288 x 288 புள்ளி ஓட்டைவரை பயமில்லை. மேக்கின் 512 கேபியில் 72 x 72. மசிலின் 128 கேபியில் 36 x 36தான்.

இப்போது விஷயம் விளங்குகிறதா? ஓட்டை 200 x 200 புள்ளி இருந்தால் தேவை சுமார் 4 எம்பி. சாஃப்ட்வேர்காரரின் லினக்ஸில் சோதித்தபோது எல்லாம் பாஸ். கம்பெனியின் விண்டோஸில் அதே ஓட்டை வந்ததும் புரோகிராம் மறைந்துவிட்டது, பட்டியலில் எழுதாமலே. எந்த ஓட்டையைக் கட்டாயம் பிடிக்க வேண்டுமோ, அதில் மட்டும் தவறாமல் செத்தது. அந்த அக்கா கவனக்குறைவாக இருக்கவில்லை. யாரோ சொல்லாமல் விட்ட ஒரு எண்ணுக்கு அவர் திட்டு வாங்கினார்.

பிறகு திருத்தினார்கள். ரிகர்ஷனை எடுத்துவிட்டு, பார்க்க வேண்டிய புள்ளிகளை ஒரு வரிசையில் போட்டு ஒவ்வொன்றாக எடுப்பதுபோல் மாற்றினார்கள். இந்த வரிசை ஸ்டாக்கில் இல்லை, பொது மெமரியில் இருக்கிறது. புள்ளிக்கு 8 பைட் போதும். 40,000 புள்ளிக்கும் சேர்த்து 3,20,000 பைட்தான். கூடவே இன்னொரு நல்ல வேலையும் செய்தார்கள். எல்லா சிஸ்டத்திலும் ஸ்டாக் 1 எம்பி என்று தாங்களே எழுதிவைத்தார்கள். இனி ஸ்டாக் போதாமல் போனால், கஸ்டமர் கம்பெனியில் போய்த் தெரியாது. எழுதுகிறவர் மேஜையிலேயே தெரிந்துவிடும்.

"எதுக்கு வம்பு, எல்லாத்துக்கும் 64 எம்பி கொடுத்துரலாமே?" என்று கேட்கலாம். 90 த்ரெட் இருந்தால் 5,760 எம்பி இடத்தை ஒதுக்கிவைக்க வேண்டும். 64 பிட் கணினியில் தொடாத பக்கங்களுக்கு உண்மையான ராம் செலவாகாது என்பதால் சமாளிக்கலாம். பழைய 32 பிட் விண்டோஸில் ஒரு பிராசஸுக்கு வழக்கமாக இருப்பதே 2 ஜிபி இடம். அங்கே 1 எம்பி வீதம் கொடுத்தாலே 2,000 த்ரெட்டுக்கு மேல் போகாது.

இந்த அளவை எங்கே சொல்வது? லினக்ஸிலும் மேக்கிலும் த்ரெட்டை உருவாக்கும் முன் அதன் ஆட்ரிப்யூட்டில் ஸ்டாக் அளவை எழுதலாம். விண்டோஸில் த்ரெட் உருவாக்கும் ஃபங்ஷனுக்கே ஒரு எண் கொடுக்கலாம். ஆனால் கூடவே ஒரு ஃப்ளாக்கையும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த எண்ணை 'ஒதுக்கிவை' என்று எடுத்துக்கொள்ளாமல் 'இப்போதே ஏற்பாடு செய்' என்று எடுத்துக்கொள்ளும். க்யூடி லைப்ரரியில் த்ரெட்டைத் தொடங்கும் முன் ஒரே வரி போதும். பைத்தானிலும் ஒரு வரிதான். ஜாவாவில் 2002 முதல் வசதி உண்டு. ஆனால் சில சிஸ்டங்களில் இந்த எண்ணுக்கு எந்த விளைவும் இல்லாமல் போகலாம் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. சி பிளஸ் பிளஸ் மொழியில் 2011-இல் த்ரெட் வந்தது. ஸ்டாக் அளவைச் சொல்ல அதில் இடமே வைக்கவில்லை.

முன்னுரிமை: சொன்னால் கேட்குமா?

அடுத்த செட்டிங் பிரையாரிட்டி. எந்த த்ரெட்டுக்கு முதலில் நேரம் கொடுப்பது என்பது. விண்டோஸில் 'மிகக் குறைவு' முதல் 'அவசரம்' வரை ஏழு படிகள் உண்டு. சாதாரண புரோகிராமும் இதை மாற்றலாம், மாற்றினால் பலன் தெரியும். லினக்ஸில் சாதாரண முறையில் ஓடும் த்ரெட்டுக்குக் கொடுக்கக்கூடிய பிரையாரிட்டி 0 ஒன்றுதான். க்யூடியில் 'உயர்ந்த பிரையாரிட்டி' என்று நீங்கள் எழுதினால், லினக்ஸின் சாதாரண முறையில் அது கண்டுகொள்ளப்படாது. பிழைச் செய்தியும் வராது. 1 முதல் 99 வரை உள்ள ரியல்டைம் பிரையாரிட்டி வேண்டுமென்றால் தனி முறைக்கு மாற வேண்டும். அதற்கு சிறப்பு அனுமதி தேவை.

அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. லினக்ஸில் புது த்ரெட், தன்னை உருவாக்கிய த்ரெட்டின் முறையையே எடுத்துக்கொள்வது வழக்கம். ஆட்ரிப்யூட்டில் நீங்கள் ரியல்டைம் என்று எழுதியிருந்தாலும், 'நான் எழுதியதையே எடுத்துக்கொள்' என்று தனியாகச் சொல்லாவிட்டால் பலன் இல்லை.

ஒரு செட்டிங் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு உலகப் புகழ் பெற்ற உதாரணம் உண்டு. 1997 ஜூலை 4-ஆம் தேதி நாசாவின் பாத்ஃபைண்டர் செவ்வாய் கிரகத்தில் இறங்கியது. சில நாளிலேயே அதன் கம்ப்யூட்டர் தானாக ரீசெட் ஆக ஆரம்பித்தது. வானிலைத் தகவல் சேகரிக்கும் குறைந்த பிரையாரிட்டி வேலை ஒரு பூட்டை வைத்திருந்தது. மிக உயர்ந்த பிரையாரிட்டி வேலை ஒன்று அந்தப் பூட்டுக்காகக் காத்து நின்றது. நடுவில் வந்த மத்திய பிரையாரிட்டி வேலைகள், கீழே இருந்ததை ஓடவிடவில்லை. அதனால் மேலே இருந்ததும் நின்றது. கண்காணிப்புக் கடிகாரம் 'ஏதோ கோளாறு' என்று ரீசெட் செய்தது. மருந்து என்ன தெரியுமா? அந்தப் பூட்டில் 'பிரையாரிட்டி இன்ஹெரிட்டன்ஸ்' என்ற செட்டிங் அணைந்திருந்தது. பூமியிலிருந்து கட்டளை அனுப்பி அதைப் போட்டுவிட்டார்கள். புதிய கம்ப்யூட்டர் வேண்டியிருக்கவில்லை. சொல்லாமல் விட்ட ஒரு 'ஆம்' போதுமாக இருந்தது.

எத்தனை த்ரெட்?

ஃபீடர் கூடினால் உற்பத்தி கூடும். ஆனால் சிங்கிள் ஜெர்சியில் ஃபீடர் கூடக்கூட வரிசை சாய்வதும் கூடும்; நூல் முறுக்கோடு அதுவும் சேர்ந்து, துவைத்த பனியனின் பக்கத் தையல் முன்பக்கம் திரும்பி வருவதை எல்லாரும் பார்த்திருப்போம். த்ரெட்டும் அப்படித்தான். கணக்கு மட்டுமே போடும் வேலைக்கு, பிராசஸரில் எத்தனை கோர் இருக்கிறதோ அத்தனை த்ரெட் போதும். நான்கு கோரில் நாற்பது த்ரெட் ஓட்டினால் மாறி மாறி ஏறி இறங்குவதிலேயே நேரம் போகும். நெட்வொர்க்குக்கும் டிஸ்க்குக்கும் காத்துக்கிடக்கும் வேலையானால் கூடுதலாக வைக்கலாம்.

கோர் எண்ணிக்கையைக் கேட்டுச் சொல்ல சி பிளஸ் பிளஸ்ஸில் ஒரு ஃபங்ஷன் உண்டு. தெரியாவிட்டால் அது 0 என்று பதில் தரலாம். அந்த 0-ஐ அப்படியே எடுத்து 0 த்ரெட் உருவாக்கினால், புரோகிராம் ஓடும். வேலை மட்டும் நடக்காது!

பெயரும் ஒரு செட்டிங்தான்

த்ரெட்டுக்குப் பெயர் வைத்தால், பிரச்சனை வரும்போது எது சிக்கியது என்று உடனே தெரியும். விண்டோஸில் இதற்கு முறையான வசதி 2016-இல் விண்டோஸ் 10-இல்தான் வந்தது. லினக்ஸில் பெயர் 15 பைட்டைத் தாண்டக்கூடாது. நாம் தமிழில் பெயர் வைத்தால் என்ன ஆகும்? யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். ஆக ஐந்து குறியீடுதான் இடம். 'பரிசோதனை' என்று வைத்தால் ஒரு ஃபங்ஷன் பிழை சொல்லும். இன்னொரு ஃபங்ஷன் சத்தமில்லாமல் 'பரிசோ' என்று வெட்டிவிடும். 'நூல்' என்பது நான்கு குறியீடு, 12 பைட், தாராளமாக நுழையும்.

முடிவாக

நண்பர்களே, பிராஜெக்ட் செய்யும்போது இந்த ஐந்தை ஞாபகம் வையுங்கள்.

1. டிஃபால்ட் என்பது வாக்குறுதி அல்ல. ஸ்டாக் அளவு, த்ரெட் எண்ணிக்கை இரண்டையும் நீங்களே எழுதுங்கள்.

2. எழுதியது ஏற்கப்பட்டதா என்று திரும்பக் கேட்டுப் பாருங்கள். செட்டிங் ஃபங்ஷன் தரும் பதிலைப் படிக்காமல் விடாதீர்கள்.

3. உங்கள் புரோகிராம் ஓடப்போகும் சிஸ்டங்களிலேயே மிகச் சிறிய அளவை எடுத்து, அதை எல்லாவற்றிலும் வைத்துச் சோதியுங்கள்.

4. பிரையாரிட்டியை நம்பி சரியான விடையை எதிர்பார்க்காதீர்கள். பிரையாரிட்டி இல்லாமலே சரியாக ஓடவேண்டும். இருந்தால் சீக்கிரம் ஓடவேண்டும், அவ்வளவுதான்.

5. செட்டிங்குகளை எல்லாம் ஒரே ஃபைலில், ஒரே இடத்தில் வையுங்கள். நாளைக்கு வேறு ஒருவர் வந்து பார்க்கும்போது தேடக்கூடாது.

நம் ஊர் கம்பெனிகளில் இன்று டையிங் முதல் பேக்கிங் வரை கம்ப்யூட்டர் நுழைந்துவிட்டது. ஆபீஸில் விண்டோஸ் இருக்கும். மெஷின் பக்கத்தில் லினக்ஸ் ஓடும் சின்ன போர்டு இருக்கும். இரண்டிலும் ஓடவேண்டிய புரோகிராமை நம்மில் சிலர்தான் எழுதப்போகிறோம். அதை நாள் முழுக்க நின்றுகொண்டு இயக்கப்போகிறவருக்கு ஸ்டாக் என்றால் என்னவென்று தெரியாமல் இருக்கலாம்; ஆனால் எப்போது திரை மறைகிறது என்று நம்மைவிட நன்றாகத் தெரியும். அவர் "பெருசா வந்தா போயிருதுங்க" என்று சொன்னால், முதலில் நம்புங்கள். அடுத்து செட்டிங்கைப் பாருங்கள்.